சீர் வண்டி

அந்தப் பஸ்காரனுக்கு மட்டும் வழி விடாமல் இருந்திருந்தால் தாணுமூர்த்தி இந்நேரம் ரயில்வே கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருப்பார். வீரவநல்லூரிலிருந்தே பின்னால் ஒட்டிக்கொண்டு பாம்பாம் என்று உயிரை எடுத்தான் சண்டாளன். போய்த் தொலை மூதி என்று ஓரமாக ஒதுங்கினார். அவன் போய்விட்டான். கேட்டுக்காரன் சரியாக இவர் மூக்குக்கு நேரே கம்பை இறக்கினான். ஊருக்கெல்லாம் வழி விடுகிறவன் தலையில்தான் கம்பு இறங்கும், இது என்ன இன்றைக்கு நேற்றா நடக்கிறது. பின்னால் ஒரு வைக்கோல் லாரி வந்து நின்றது, அதற்குப் பின்னால் ஒரு வேன், அதற்கும் பின்னால் என்னென்னவோ. வலதுபக்கம் பூராவும் பைக்குகள். இடதுபக்கம் வாய்க்கால். திருப்பிக்கொண்டு போகவும் வழி கிடையாது. எல்லாரும் இஞ்சினை அணைத்தார்கள். லாரி ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கியது. தாணுமூர்த்தி அணைக்கவில்லை. அணைக்க முடியாது. சூட்டில் நிறுத்தினால் இந்த வண்டி செல்ஃப் எடுக்காது. சாவியைத் திருப்பினால் டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு ஆறப்போட்டு, சாமியைக் கும்பிட்டு, காத்துக் கிடக்க வேண்டும். காலையில் குளிர்ந்து கிடக்கும்போது முதல் திருப்பிலேயே எழுந்துவிடும், சூடானால்தான் இந்த வீம்பு. நேற்றுச் சாயங்காலம் உட்கார்ந்து பேட்டரி வயர், செல்ஃபுக்குப் போகிற வயர் எல்லாவற்றையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மினுமினுவென்று ஆக்கி, இறுக்கி மாட்டியிருந்தார். பலித்ததா இல்லையா என்று சோதித்துப் பார்க்கிற இடமா இது? ஓடுகிறவரை ஓடட்டும். சம்பந்தி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தின பிறகு எது கெட்டால் யாருக்கு என்ன. கேட்டைத் தாண்டிவிட்டால் அம்பாசமுத்திரம் வந்த மாதிரிதான்.

பக்கத்து சீட்டில் மகள் உலகம்மை. மாம்பழக்கலர் பட்டு, தலை நிறையப் பிச்சிப்பூ. மடியில் கைப்பை, அதன்மேல் இடதுகையை இறுக்கிப் பொத்தி வைத்திருக்கிறாள். புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகிற பிள்ளை மூஞ்சியைக் கொஞ்சம் தெளிவாக வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? பின்சீட்டில் முறுக்கு டின், அதிரச டின், ஒரு தாறு பழம். எல்லாம் அவள் அம்மா செண்பகத்தின் ஏற்பாடு. கோபித்துக்கொண்டு வந்த பிள்ளையானாலும் திரும்பிப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாதாம். வாசல் வரைக்கும் வந்து திருநீறு பூசிவிட்டு, உள்ளே போய் அழுதாளா அழவில்லையா என்று இவருக்குத் தெரியாது, இவர் அப்போது டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். பங்குனியில் வந்த பிள்ளை, வைகாசி பிறந்தும் கிளம்பவில்லை. தெருவில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். உலகு வந்திருக்காளோ, விசேஷமோ, என்று வாயில் வெல்லத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார், கூடவே மகராஜ அண்ணாச்சி வந்தார். எந்தக் குடும்பத்து வழக்கானாலும் நடுவில் நாற்காலி போட்டு உட்காருகிறவர் அவர். மருமகன் சங்கரலிங்கம் வரவில்லை, அவருக்கு வேலை. உலகம்மை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள், அவளை யாரும் கூப்பிடவில்லை. “கொண்டாந்து விட்டிருங்க, பழசை எல்லாம் மறந்திருவோம்” என்றார் சம்பந்தி. யாருடைய பழசை யார் மறப்பது? தாணுமூர்த்தி அதைக் கேட்கவில்லை. “வியாழக்கிழமை நல்ல நாளு, நானே கொண்டாந்து விடுதேன்” என்றார். காப்பி குடித்து எழுந்திரிக்கும்போது சம்பந்தி வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, “அப்படியே வண்டியையும் ரெடி பண்ணிக் கொண்டாந்திருங்க, என்ன?” என்றார். அதற்கும் சரி என்றார். நாலு பேர் முன்னால் சொன்ன வாக்கு. ராகு காலத்துக்கு முன்னால் பிள்ளை அந்த வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும்.

இஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் ஏறுகிறது. நடுவில் நிற்க வேண்டிய முள் நடுவைத் தாண்டி ஒரு மயிரிழை மேலே போயிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார், மயிரிழை இல்லை, ஒரு அரிசி அகலம். ஐயா, சுடலைமாடா, கொஞ்சம் பொறு. கை தானாகப் போய் ஹீட்டரைத் திருகியது. இந்த வித்தை தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், இஞ்சினில் இருக்கிற சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டால் அதற்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். வெயில் மண்டையைப் பிளக்கிற வைகாசியில் கார் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிறுக்கன் திருநெல்வேலிச் சீமையிலேயே இவர் ஒருத்தராகத்தான் இருக்கும். காலில் அனல் அடித்தது. வேட்டிக்குள் புகுந்து தொடை வரைக்கும் வந்தது. மகள் பக்கத்துக் கண்ணாடி இறங்காது, அது பழுதாகிப் பல காலம் ஆயிற்று, அது ஒன்றைத்தான் இவர் இன்னும் சரிபண்ணவில்லை, மோட்டார் கிடைக்கவில்லை. அவள் நெற்றியில் திருநீறு கரைந்து வழிகிறது. துடைக்க மாட்டேன் என்கிறாளே. “சூடா இருக்கா?” என்று கேட்கலாம் என்று நினைத்தார். கேட்டால் ஆமா என்பாள். ஆமா என்றால் என்ன செய்வது? ஹீட்டரை அணைத்தால் முள் ஏறும், முள் சிவப்புக்குப் போனால் ஹெட் கேஸ்கட் போகும், கேஸ்கட் போனால் வெள்ளைப் புகை, தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகக் கலந்து மோர்க்குழம்பு மாதிரி ஆகி, இஞ்சினையே பிரித்துப் போட வேண்டியதுதான். அதனால் கேட்கவில்லை. பைக்கில் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டிருந்த ஒருத்தன் குனிந்து, “அண்ணாச்சி, ஆஃப் பண்ணுங்க, பொகை மூஞ்சில அடிக்கி” என்றான். “ஆஃப் பண்ணா நீதான் தள்ளணும், தள்ளுதியா?” என்று இவர் எரிந்து விழுந்தார். அவன் தள்ளிக்கொண்டு போனான், தன் பைக்கை.

சீர் கொடுத்த வண்டி இது. கல்யாணத்தின்போது என்ன வடிவாக இருந்தது. சின்ன வண்டிதான், நாலு பேர் நெருக்கி உட்கார்ந்தால் ஐந்தாவது ஆளுக்கு மடிதான், ஆனாலும் மண்டபத்து வாசலில் மாலை போட்டு நிறுத்தியபோது ஊரே சுற்றிச்சுற்றி வந்து பார்த்தது. மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்த மனுசன், கம்பத்து வெயிலில் கருகின மனுசன், மகளுக்குக் கார் கொடுத்தார் என்று பேச்சு. அந்தப் பேச்சுக்காகத்தான் கொடுத்தாரோ என்னவோ. முதல் ஆடிக்கே சம்பந்தி ஒரு சட்டம் போட்டார். “சீர் சாமானுக்கு பொறந்த வீடுதான பொறுப்பு. பாத்திரம் ஓட்டை விழுந்தா ஈயம் பூசித் தாறது யாரு, நீங்கதான? வண்டியும் அப்படித்தான். அங்கயே பாத்துக்கிட்டா உங்களுக்கும் திருப்தி, எங்களுக்கும் தொல்லை இல்ல.” எந்த ஊர் வழக்கமோ, யார் கண்டார். இவர் மாட்டேன் என்றா சொன்னார்? உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, வெட்கம் கெட்ட சந்தோஷம். தன் கை போகாத வண்டியை வேறு எவனாவது தொடுவதா என்று. அதிலிருந்து ஆரம்பித்தது. கிளட்ச் வழுக்குகிறது என்று உலகம்மை வண்டியை ஓட்டிக்கொண்டு வருவாள். சைலன்சர் ஓட்டையாகி ஊர் முழுக்கக் கேட்கும்படி உறுமிக்கொண்டு வருவாள். அம்பாசமுத்திரம் ஆர்ச்சை விட்டுத் திருப்பும்போது முன்சக்கரம் கடகட என்கிறது என்று வருவாள். ஓட்டக் கற்றுக்கொடுத்ததே இவர்தான், அதில் ஒரு பெருமை. வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டதும் பனியனோடு எழுந்து ஓடுவார். அவள் இறங்குவதற்குள் பானெட்டைத் தூக்கிவிடுவார். “வண்டியில என்ன?” இதுதான் முதல் பேச்சு. வா என்று சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பார். சொல்லாமலா இருப்பார். சரியாக ஞாபகம் வரவில்லை. வண்டியில என்ன என்று கேட்டதுதான் ஞாபகம் வருகிறது.

கையோடு கையாகச் சரிபண்ணி அனுப்பிவிடுவதில்தான் அவருக்குக் கீர்த்தி. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஜெபமணி என்று ஒரு மெக்கானிக், அவனைப் போட்டு உருட்டி எடுத்துவிடுவார். நாளைக்குத் தாறேன் அண்ணாச்சி என்றால் விடமாட்டார். “பிள்ளை பொழுது சாய முன்ன வீடு போயிச் சேரணும்டே.” செண்பகம் வாசல்படியில் நின்று, “ஒரு ராத்திரி கிடந்துட்டுப் போட்டுமே, என்ன அவசரம்?” என்பாள். “ஏளா, உனக்கு ஒண்ணும் தெரியாது, அவங்க வண்டி இல்லாமக் கஷ்டப்படுவாங்கல்லா?” அவங்க கஷ்டப்படுவார்களாம். அவங்க கஷ்டப்பட்டுவிடக் கூடாது என்பதில்தான் எத்தனை கவனம். ஒரு தடவை இடதுபக்க சைடு மிரர் கண்ணாடி நொறுங்கி, கதவில் நீளமாக ஒரு கீறலோடு வந்தாள். இவர் கீறலைத் தடவித்தடவிப் பார்த்தார். பெயிண்ட் போயிருக்கிறதா, தகரம் வரை போயிருக்கிறதா என்று நகத்தை விட்டுப் பார்த்தார். “யாரு இடிச்சா?” “நாந்தாம்ப்பா இடிச்சிக்கிட்டேன்.” அவள் முன்கையில் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. அதையும் பார்த்தார், பார்க்காமல் இல்லை. வண்டி இடித்ததில் பட்டிருக்கும் என்று அவரே இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். வலதுபக்கம் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டி வந்தவளுக்கு இடதுபக்கக் கண்ணாடி உடைந்தால் கை எப்படிக் கன்றும்? ஏன் அப்போது அந்தக் கேள்வி வரவில்லை, இப்போது ஏன் வருகிறது, இந்த அனலில், இந்தக் கேட்டடியில் வைத்து. கண்ணாடியை மாற்றினார். நல்ல கண்ணாடியாகப் பார்த்து மாற்றினார்.

முள் இன்னும் ஏறிவிட்டது. ரயிலைக் காணோம். தண்டவாளம் வெயிலில் நெளிகிறது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஒரு அம்மா கூடையோடு வந்து இவர் பக்கம் பாதி இறக்கியிருந்த கண்ணாடியைத் தட்டினாள், உள்ளேயிருந்து அடித்த அனலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “ஏ யய்யா, அடுப்பா வச்சிருக்கீரு உள்ள?” என்றுவிட்டுப் போனாள். ஏதோ ஒன்று குறைகிறது. என்னது? கையில் இருந்தது ஒன்றை எங்கோ வைத்துவிட்ட மாதிரி மனசு தடவிக்கொண்டே இருக்கிறது. பூட்டினோமா, கேஸை மூடினோமா. இல்லை. சத்தம். சத்தம் குறைகிறது. இஞ்சின் ஓடுகிறது, ஹீட்டர் ஊதுகிறது, அந்த இன்னொன்று எங்கே? வண்டி நின்றிருக்கும்போது, சூடு ஏறும்போது, முன்னால் ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து விர்ரென்று ஒரு ஃபேன் கிளம்பும், அது ஓடி முள்ளை இறக்கிவிட்டு அடங்கும். அது கிளம்பவே இல்லை. அடக் கடவுளே, ஃபேன் ஓடவில்லை. ஓடும்போது எதிர்க்காற்றே போதும், ஃபேன் இல்லாவிட்டாலும் தெரியாது, நின்றால்தான் தெரியும். அதனால்தான் வழி முழுக்க ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காலையில் வாசலில் வைத்து இதே இஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் கிளம்புகிறவரை நின்று, கிளம்பியதும்தான் பானெட்டை மூடினார். சத்தியமாக ஓடியது. சேரன்மகாதேவியில் டீக்கடையில் நிறுத்தினபோதும் ஓடியது, டீயை வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. இஞ்சினை அணைக்காமல்தான் இறங்கினார், அவளையும் கூப்பிட்டார், “நீங்க குடிச்சிட்டு வாங்கப்பா” என்றாள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று?

மனுசன் மனசு இருக்கிறதே, அது தெரிந்துகொள்ள வேண்டியதைச் சுற்றிச்சுற்றி வந்து மோந்து பார்த்துவிட்டு அப்படியே போய்விடும். தாணுமூர்த்தி முதலில் எலியை நினைத்தார். போன வருஷம் பேட்டரி வயர் கழன்று கிடந்தபோதும் எலிதான் என்றார். ஜெபமணி தலையைச் சொறிந்துகொண்டு, “எலி நட்டைத் திருகாதே அண்ணாச்சி” என்றான். அவனை அடக்கினார், பானெட்டுக்குள் ரசகற்பூர உருண்டை கட்டித் தொங்கவிட்டார். அதற்கு முந்தி ரேடியேட்டர் மூடி சரியாக மூடாமல் தண்ணீர் எல்லாம் கொதித்து வெளியே போயிருந்தது, அதற்குச் சம்பந்தி வீட்டுத் தோட்டக்காரனைத் திட்டினார். பிளக் வயர் ஒன்று உருவிக் கிடந்தது, ரோட்டைத் திட்டினார். முதல் ஒன்றிரண்டு வருஷம் வந்ததெல்லாம் நிஜமான பழுது, கிளட்ச் தேய்ந்தது தேய்ந்ததுதான், சைலன்சர் துருப்பிடித்தது துருப்பிடித்ததுதான். பிறகு வந்ததெல்லாம்? பிறகு வந்ததெல்லாம் கழன்றது, உருவியது, திறந்து கிடந்தது. தேய்ந்தது ஒன்றுகூட இல்லை. ஊர் முழுக்க ஃபியூஸ் போட்ட கை இது, எந்தக் கம்பத்தில் எவன் கொக்கி போட்டுத் திருடுகிறான் என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடுகிற கண் இது. இந்தக் கண்ணுக்கு முன்னால். அவர் மெதுவாகத் திரும்பி மகளின் இடதுகையைப் பார்த்தார். டீக்கடையிலிருந்து அந்தக் கை பொத்தியது பொத்தியபடியே இருக்கிறது.

“ஃபேன் ஓடலை” என்றார்.

“ம்.”

“காலைல ஓடுச்சு.”

உலகம்மை கையைத் திறந்தாள். உள்ளங்கை வேர்வையில் நகத்தளவுக்கு ஒரு பச்சை ஃபியூஸ். அவள் கால் வைத்திருக்கிற இடத்துக்கு மேலேதான் ஃபியூஸ் பெட்டி. ரொம்ப நேரம் அழுத்திப் பிடித்திருந்ததில் அதன் இரண்டு காலும் தோலில் பதிந்திருந்தன.

“அப்ப ரேடியேட்டர் மூடி?”

“நாந்தாம்ப்பா.”

“பேட்டரி?”

“அதுவும் நாந்தான். எலி என்ன பாவம் பண்ணுச்சு, அதைப் போயி ஏசுனீங்க.”

“எதுக்குட்டி?” என்று கேட்டார். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். பச்சைப்பிள்ளைக்கும் தெரியும் எதற்கென்று. வண்டி கெட்டால்தான் பிள்ளைக்குப் பிறந்த வீடு. வண்டி ஓடினால் பிள்ளைக்கு என்ன நோக்காடு, அங்கேயே கிடக்க வேண்டியதுதானே. “வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்லா? ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான்…”

“சொன்னேம்ப்பா.” அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. “அந்தக் கண்ணாடி உடைஞ்ச அன்னைக்குச் சொன்னேன். அவுக எங் கையைப் பிடிச்சு முறுக்கி வண்டியில வச்சு இடிச்சாகன்னு சொன்னேன். நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் குனிஞ்சிருந்தீங்க. அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுன்னு கேட்டீங்க. எடுத்துக் குடுத்தேன்.”

முள் சிவப்பைத் தொட்டது. அவர் கை சாவிக்குப் போய் இஞ்சினை அணைத்தது. மகளுக்காக அணைத்தாரா, கேஸ்கட்டுக்காக அணைத்தாரா? அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. அணைந்ததும் அப்படி ஒரு அமைதி. ஹீட்டர் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பானெட்டுக்குள்ளே சூட்டில் தகரம் டிக் டிக் என்று சுருங்கியது. பத்தாம் நம்பர் ஸ்பேனர். அவர் ஞாபகத்தில் ஸ்பேனர் இருக்கிறது. வளைந்த தலை, கைப்பிடியில் பச்சை டேப் சுற்றினது. அதை நீட்டின கை இருக்கிறது. அந்தக் கைக்கு மேலே ஒரு வாய் பேசியதா? பேசியிருக்கும். பேசத்தான் செய்தது. காதில் விழுந்ததா என்று கேட்டால், விழுந்தது, விழுந்ததைக் குனிந்து எடுக்கவில்லை. எடுத்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? வண்டிக்கு ஜெபமணி இருக்கிறான், இதற்கு எந்தப் பட்டறை? மகராஜ அண்ணாச்சி பட்டறைதான். அங்கே போனால் புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும் என்பார், காப்பியைக் குடிப்பார், வியாழக்கிழமை நல்ல நாள் என்று ஆகும். அப்படித்தானே ஆயிற்று.

இனி செல்ஃப் எடுக்காது, அது நிச்சயம். இவ்வளவு சூட்டில் எடுக்கவே எடுக்காது. அந்த நினைப்பு வந்ததும் தாணுமூர்த்தியின் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. காலையிலிருந்து எதற்குப் பயந்து செத்தாரோ அது நடந்துவிட்டது, நடந்த பிறகு பார்த்தால் அதுதான் வரம். சம்பந்திக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம். வண்டி நடுவழியில நின்னுட்டு சம்பந்தி, என்ன செய்ய, பழைய வண்டி, ராகு காலம் வேற வருது, இன்னைக்கு வேண்டாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது. வாக்கும் தவறவில்லை, கிளம்பி வந்தோம், வண்டி நின்றது. நாலு பேர் முன்னால் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று சொல்லுகிற அந்த ஒரு வார்த்தையைத் தொண்டையிலிருந்து பிடுங்க வேண்டியதில்லை. “உலகு” என்றார், குரல் அவருக்கே புதிதாக இருந்தது, “போன் போட்டு வண்டி நின்னுட்டுன்னு சொல்லிருதேன். ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிருவோம்.”

அவள் முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினாள். “வண்டி சரியான பிறவு என்னப்பா சொல்லுவீங்க?”

“பிறவு பாப்போம்.”

“நான் பண்ணதத்தான நீங்களும் பண்ணுதீங்க” என்றாள். “எனக்குத்தான் அந்த வீட்டுல வாய் கிடையாது. உங்களுக்கு என்னப்பா?”

அப்போது பார்த்து ரயில் வந்தது. பெட்டி பெட்டியாக, தடதடவென்று, கேட்டுக் கம்பும் வண்டியும் பின்சீட்டு டின்களும் அதிர, வந்துகொண்டே இருந்தது. இந்தச் சத்தத்தில் என்ன பதில் சொன்னாலும் கேட்காது என்று அவருக்கு ஒரு ஆறுதல். ரயில் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் தேவலை. ஜன்னலில் ஒரு குழந்தை கையாட்டிக்கொண்டு போனது. சொல்லலாம். வேண்டாம் சம்பந்தி, எம் பிள்ளை எங்கிட்ட இருக்கட்டும். நாலே நாலு வார்த்தை. நாக்கில் ஒருதடவை சொல்லிப் பார்த்தார், நாக்குப் புரளவில்லை. தெரு, மகராஜ அண்ணாச்சி, வாழாவெட்டி என்று வாய் கூசாமல் சொல்லுகிற சொந்தக்காரர்கள், கோயில் கொடையில் வரி வாங்க வருகிறவன் கேட்கிற கேள்வி, எல்லாரும் ரயிலோடு ரயிலாக வரிசையாகப் போனார்கள். போனவர்கள் போகாமல் இங்கேயே இறங்கிக்கொண்டார்கள். ரயில் போய்விட்டது.

கம்பு ஏறியது. பைக்குகள் பாய்ந்தன. பின்னால் லாரிக்காரன் ஒரே அடியாக ஹாரனை அமுக்கினான். தாணுமூர்த்தி அசையவில்லை. லாரியிலிருந்து கிளீனர் இறங்கி வந்து கூரையைத் தட்டினான். “பெரியவரே, என்ன, தூக்கமா?”

“ஸ்டார்ட் ஆகாதுய்யா. சூட்டுல செல்ஃப் எடுக்காது.” எவ்வளவு அழகாகச் சொன்னார். சாட்சிக்கு ஒரு ஆள் கிடைத்த நிம்மதி அதில் இருந்தது.

“அடிச்சுப் பாக்காமலே சொன்னா எப்படி? அடிங்க. எடுக்கலைன்னா நாங்க தள்ளி ஓரமா விடுதோம்.”

சரி, நீயே பார்த்துக்கொள் என்று சாவியைத் திருப்பினார். டொக் என்ற அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தார். டொக் கேட்கவில்லை. முதல் திருப்பிலேயே இஞ்சின் எழுந்துவிட்டது. இந்த வண்டியின் ஆயுசில் சூட்டில் ஒருதடவைகூட இப்படி எழுந்தது கிடையாது. உப்புத்தாள் பலித்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் வெளிச்சம் போகிறவரைக்கும் உட்கார்ந்து தேய்த்தாரே, அந்தத் தேய்ப்பு. சனியன், தன் கையே தன் கண்ணைக் குத்தியது. “பாத்தீங்களா, வண்டி கல்லு மாதிரி இருக்கு, சும்மா பயந்து சாகுதீங்க” என்று கிளீனர் சிரித்துக்கொண்டு போனான். ஹாரன், மறுபடி ஹாரன். கால் கிளட்சை மிதித்தது, கை முதல் கியரைப் போட்டது. அவர் போடச் சொல்லவில்லை, அதுவாகப் போட்டது. வண்டி தண்டவாளத்தில் ஏறி இறங்கியது, டின்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

கேட்டைத் தாண்டியதும் வலதுகைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் பெரிய வெட்டவெளி, லாரியே திரும்பலாம், இந்தச் சின்ன வண்டிக்கு என்ன. ஒரு சிக்னலைப் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு ஒடி ஒடித்தால் முகம் வீட்டுப் பக்கம், பாளையங்கோட்டையைப் பார்த்துவிடும். அவர் அந்த இடத்தைப் பார்த்தார். உலகம்மையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபம் வருகிறது. இண்டிகேட்டர் குச்சியில் அவருடைய விரல் இருக்கிறது. எதிரே ஒரு டிராக்டர், அது போகட்டும், இவர்தான் எல்லாருக்கும் வழி விடுகிறவர் ஆயிற்றே. டிராக்டர் போய்விட்டது. மண்டபத்து வாசலில் யாரோ வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி முடிக்கிறார்களா என்று பார்ப்பதுபோல வண்டி கொஞ்சம் மெதுவாயிற்று. பிறகு மண்டபம் பின்னால் போய்விட்டது.

அது கண்ணாடியில் மறைகிறவரை பார்த்துவிட்டு உலகம்மை குனிந்தாள். கால்மாட்டில் மூடியைத் திறந்து, தேடவேண்டிய அவசியமே இல்லாமல், ஃபியூஸை அதன் இடத்தில் வைத்து அமுக்கினாள். டக். முன்னால் விர்ரென்று ஃபேன் கிளம்பியது. நிமிர்ந்து முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். முள் ஒரு நிமிஷம் யோசித்தது, பிறகு மெல்ல மெல்ல இறங்கி, எப்போதும் இவர் பார்க்க ஆசைப்படுகிற அந்த நடு இடத்தில் வந்து நின்றது.

டேஷ்போர்டில் கிடந்த போன் அடித்தது. சம்பந்தி. தாணுமூர்த்தி அதை எடுக்கவில்லை, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். உலகம்மைதான் எடுத்து, பொத்தி வைத்திருந்த அந்தக் கையாலேயே அவர் காதோடு சேர்த்துப் பிடித்தாள். அவள் கை சுட்டது.

“எங்க வந்துக்கிட்டிருக்கீங்க? நேரமாகுதுல்லா?” என்றது போன். “வண்டி நல்லாருக்கா?”

“கேட்டைத் தாண்டிட்டோம் சம்பந்தி” என்றார் தாணுமூர்த்தி. “வண்டியில ஒரு குறையும் இல்ல.”